நாலாவது ஆள்

ஆறு மணியோடு இலவசம் முடிகிறது என்றது செல்போன் திரை.

கீழே இரண்டு பொத்தான்கள். சந்தா கட்டு. வெளியேறு.

மணி ஐந்து இருபது. அவள் இரண்டையும் தொடவில்லை.

மூன்று நாளாக இதே கூத்துதான். மாசம் ஒரு பிரியாணி விலை. அதற்கா இவ்வளவு யோசனை என்று யாரும் கேட்பார்கள். கணவன் ஜெபசிங் கேட்டேவிட்டான்.

“பிடிச்சிருந்தா கட்டு, இல்லன்னா விட்டுத் தொலை. ஒரு கேமுக்குப் போயி மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே!”

சொல்லிவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனான். நல்ல மனுஷன். அவனிடமும் அவள் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

விளையாட்டு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. மூன்று பேர் சேர்ந்து காட்டுக்குள் போக வேண்டும். விறகு, மூலிகை, இரும்பு என்று கிடைத்ததை அள்ளிக்கொண்டு, வழிப்பறிக் கூட்டத்திடம் சிக்காமல் கோட்டைக்குத் திரும்ப வேண்டும். காசு கொடுத்து ஆடுகிற ஆட்டமா இது? சத்தியமாக இல்லை.

ஆனால் அந்த மூவரில் ஒருவன் அவள் தம்பி.

மாரீஸ்வரன். அவள் ஜெபசிங்கைக் கட்டிக்கொண்ட அன்று, எனக்கு அக்காவே கிடையாது என்று சொல்லிப் போனை வைத்தவன். நாலு வருஷம் ஆகிறது. அம்மாவும் பேசவில்லை.

விளையாட்டில் அவன் பெயர் சேட்டை226. விருதுநகர் வீட்டின் கதவு எண் அது. பள்ளிக்கூட நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் இதே பெயர்தான். அதைத் தேடித்தான் உள்ளே நுழைந்தாள். வேங்கை என்று ஓர் ஆண் பெயர். மைக் ரிப்பேர் என்று ஒரு பொய். பேச்செல்லாம் எழுத்தில் மட்டும்.

அவனுக்கு அவள் ‘ப்ரோ’. வாங்க ப்ரோ, போங்க ப்ரோ.

கூடப்பிறந்தவனை இப்படி ஏமாற்ற வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு வேலை கிடைத்ததும், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததும் அப்படித்தானே தெரிந்தது.

ஐந்து மாதத் திருட்டுத்தனம் இலவசமாக நடந்தது. இனிமேல் காசு கட்டிச் செய்ய வேண்டுமா?

மூன்றாமவர் சண்முகம், மலேசியாவின் ஈப்போவில் லாரி ஓட்டுகிறவர். தான் கட்டப்போவதில்லை, இன்றோடு சரி என்று காலையிலேயே எழுதிவிட்டார்.

தம்பி எழுதியிருந்தான்: “நீங்க கட்டுனா நானும் கட்டுறேன் ப்ரோ. இல்லன்னா வேணாம்.”

படுபாவி. முடிவை அவள் தலையில் கட்டிவிட்டான்.

ஐந்து முப்பத்தைந்துக்கு அவள் முடிவெடுத்தாள். போதும். பொய்யைச் சந்தா கட்டி வளர்க்க வேண்டாம். கடைசியாக ஒரு நடை போய்விட்டு வெளியேறிவிடலாம்.



மூவரும் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். அவள் நேரே நடந்தாள்.

சேட்டை226 பின்னால் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அவன் மதிலோரம் போய்க் குனிந்தான். ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

விளையாட்டில் அந்தக் கல்லால் ஒரு பிரயோசனமும் இல்லை. பையில் இடத்தை அடைக்கும். அதை எடுக்கிறவள் அவள் ஒருத்திதான், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும். அப்பா போன பிறகு வீட்டில் மூன்று பேர். மூன்று பேராகப் போனால் போன காரியம் விளங்காது என்று, ஆஸ்பத்திரியோ கல்யாணமோ, வாசலில் ஒரு கல்லைப் பொறுக்கி நாலாவது ஆளாகப் பைக்குள் போடுவாள் அம்மா. அது இவள் கையிலும் ஊறிவிட்டது. கல்லு எதுக்கு ப்ரோ என்று தம்பி முதல் வாரமே கேட்டான். சும்மா, ராசிக்கு என்று எழுதிச் சமாளித்தாள். அப்புறம் அவன் கேட்கவே இல்லை. தப்பித்தோம் என்று இருந்துவிட்டாள்.

இன்று எடுக்க மறந்துபோனாள்.

திரையில் எழுத்து வந்தது.

“இன்னைக்கு நீ கல்ல மறந்துட்ட.”

நீங்க இல்லை. நீ.

“என்னா கல்லு லா? வாங்க போவோம்” என்றார் சண்முகம்.

தம்பி மேலும் எழுதினான்.

“நாளைக்கும் எடுக்கணும். சண்முகண்ணன் போனாலும் நாம மூணு பேருதான். அம்மா தினமும் எம் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருக்கு.”

அவளுக்கு அழுகை பீறிக்கொண்டு வந்தது.

மணி ஐந்து ஐம்பத்தொன்று. படியில் செருப்புச் சத்தம். துணிமூட்டையோடு இறங்கி வந்த ஜெபசிங் அவள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனான்.

“ஏ, என்னாச்சு?”

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மறுகையால் எழுதினாள்.

“கல்லு வேண்டாம்டா மாரி. இங்க எம் பக்கத்துலயும் ஒருத்தர் இருக்காரு.”

அனுப்பிவிட்டாள்.

தம்பி எழுதுகிறான் என்று காட்டும் மூன்று புள்ளிகள் வந்தன. மறைந்தன. மறுபடி வந்தன. மறைந்தன.

ஐந்து ஐம்பத்தெட்டு.

மதிலோரம் நின்ற சேட்டை226 மெல்லக் குனிந்தான். பையைத் திறந்து கல்லை வெளியே எடுத்தான்.