கறுப்புக் கட்டை மட்டும்

அறுவை சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே, யாரோ தானம் கொடுத்த பழைய பியானோவின் முன்னால் என் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அவர் மனைவி, என் தங்கையின் நெஞ்சைத் திறந்திருக்கிறார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. மச்சான் பாடினால் குழாயில் வரும் தண்ணீர் திரும்பிப் போய்விடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாட்டு டீச்சரான தங்கைக்கும் அது தெரியும். ஸ்ட்ரெச்சரில் போகும்போதே அவரிடம் சொல்லிவிட்டாள்: "கையைச் சும்மா வச்சிருந்தா நகத்தையெல்லாம் தின்னுடுவீங்க. போய் அந்தக் கறுப்புக் கட்டையை மட்டும் தட்டுங்க. அஞ்சே ஸ்வரம், எப்படித் தட்டினாலும் பாட்டாயிடும். வெள்ளைப் பக்கம் போயிடாதீங்க." ஒற்றை விரலால் தட்டுகிறார். மத்தியான வெயில் அவர் மோதிரத்தில் மின்னி மின்னி அணைகிறது. ஊசித் தட்டோடு போகும் நர்ஸம்மா நிற்கிறாள். "இது எங்க ஊர்த் தாலாட்டாச்சே." தரை துடைக்கும் மலைநாட்டுக்காரர் துடைப்பத்தை ஊன்றிக்கொள்கிறார். "தாலாட்டா? ஆடு மேய்க்கறப்ப நாங்க ஊதறதும்மா இது." கடல் தாண்டி வந்த காவலாளி, தன் தாத்தா படகு இழுத்ததே இதைப் பாடித்தான் என்கிறார். "மோகன ராகம்ங்க. எங்க வீட்டுச் சொத்து" என்று நானும் பங்குக்குப் போகிறேன். மச்சான் காதில் எதுவும் விழுவதாகத் தெரியவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு தட்டுகிறார். விளக்கு அணைகிறது. கதவு திறக்கிறது. டாக்டர் முகமூடியைக் கழற்றாமலே எங்களைப் பார்க்கிறார். மச்சானின் விரல் வழுக்கி ஒரு வெள்ளைக் கட்டையில் விழுந்து, அங்கேயே அழுந்தி நிற்கிறது. அந்தச் சத்தத்தை மட்டும் யாரும் தங்கள் ஊருடையது என்று சொல்லவில்லை.