மரு போன விரல்

“மெஷினுக்கு உங்களைத் தெரியலையேம்மா. எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?”

வருகைப் பதிவு அதிகாரி சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவால் அந்த மாதத்தின் ஏழாவது ‘ஆப்சென்ட்’டைப் போட்டார்.

“நான் தினமும் வர்றேன் சார். பினாயிலும் ஆசிட்டும் விரலை அரிச்சிடுச்சு. ரேகை விழ மாட்டேங்குது” என்றாள் தரை துடைக்கிற அம்மாள். “கொஞ்சம் காலைத் தூக்குங்க.”

தூக்கினார். நாற்காலிக்கு அடியில் மாப் போய் வந்தது.

“நீங்க வந்ததுக்குச் சாட்சி இருக்கா?”

“டைப்பிஸ்ட் அம்மா பார்த்தாங்களே.”

“அன்னிக்கு அவங்க ஒரு நிமிஷம் லேட். மெஷின் கணக்குல அரை ஆள். சாட்சி சொல்றவங்க அன்னிக்கு முழுசா வந்திருக்கணும். விதி ஏழு.”

அந்த ஏழாம் விதியை எழுதியவர் அவர்தான். ஆளுக்கு ஒரே விரல், மாற்று விரல் கிடையாது என்ற விதி நான்கும் அவர் கைவண்ணமே. ஆபீசில் அவருக்கு ‘விரல் சார்’ என்று பெயர். அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வலது ஆள்காட்டி விரல் நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு மரு. பல வருஷமாகக் குடியிருந்தது. மகள் கைக்குழந்தையோடு வருகிறாள் என்றதும்தான் அதற்கு வினை வந்தது.

“அந்த விரலால குழந்தை கன்னத்தைத் தொட்டுடாதீங்க, ஒட்டிக்கும்” என்றாள் மனைவி. “போய் டாக்டரைப் பாருங்க.”

டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாலு வழி இருக்கு. தினமும் வெந்நீர்ல ஊற வெச்சு, தேய்ச்சு, ஆசிட் மருந்து தடவலாம். மூணு மாசம்கூட ஆகலாம்.”

“ஆசிட்டா!” அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என் ரேகை என்னத்துக்கு ஆகும்?”

ஆசிட் பட்டால் ரேகை போகும் என்பது சொந்த விரல் என்றதும் சட்டென்று விளங்கிவிட்டது. தரை துடைக்கிறவள் ஞாபகம் மட்டும் வரவில்லை.

“அப்போ உறைய வைக்கலாம். கடுங்குளிர் நைட்ரஜன். சுரீர்னு எரியும், கொப்புளிக்கும், உதிரும். ரெண்டு மூணு தடவை வரணும். இல்லேன்னா மரத்துப்போக ஊசி போட்டுச் சுட்டெடுக்கலாம், தழும்பு விழலாம். நாலாவது, சும்மா விட்டுடறது. பல மரு தானாவே போயிடும்.”

“சும்மா விடறதா? முப்பது வருஷ சர்வீஸ்ல நான் யாரையும் சும்மா விட்டதில்லை டாக்டர்.”

“பார்த்தாலே தெரியுது” என்றபடி டாக்டர் நைட்ரஜனை எடுத்தார்.

இரண்டு தடவையில் மரு சுருங்கியது. மூன்றாவது தடவைக்குப் பிறகு, மகள் வந்ததற்காக அவர் போட்டிருந்த லீவில் உதிர்ந்தே போனது. மிச்சமிருந்த லீவு முழுவதையும் பேத்தியின் கன்னத்தைத் தொட்டே தீர்த்துவிட்டு, திங்கட்கிழமை மிடுக்காக வந்து மெஷினில் விரலை வைத்தார்.

‘மீண்டும் முயலவும்.’

துடைத்துவிட்டு வைத்தார். ஊதிவிட்டு வைத்தார். மீண்டும் முயலவும். பின்னால் வரிசை நீண்டது.

“மருவோட பதிஞ்சிருப்பீங்க சார்” என்றாள் டைப்பிஸ்ட். “இத்தனை வருஷமா மெஷின் உங்க மருவுக்குத்தான் அட்டெண்டன்ஸ் போட்டிருக்கு.”

வரிசை சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்துவிட்டதே என்று கோபமும் வந்தது.

புது ரேகை பதியத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வர வேண்டும், பத்து நாளாகும். வேறு விரல்? விதி நான்கு. வெள்ளிக்கிழமை பதிவேட்டை மூடுவதற்குள் சாட்சி கிடைக்காவிட்டால், முப்பது வருஷமாகச் சிவப்பே படாத தன் பெயருக்கு நேராகத் தானே ஆப்சென்ட் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேஷியரைக் கேட்டார்.

“நான் தலை நிமிராம வேலை பார்க்கிறவன் சார். யார் வந்தா, யார் வரலைன்னு கவனிக்கிறதில்லை.”

டைப்பிஸ்டைக் கேட்டார்.

“எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம் சார்?”

“நான் ஆபீஸ் போறேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு” என்றார் வீட்டில்.

“டிபன் பாக்ஸ் காலியா வருது. யாரோ போறாங்க” என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை அவர் மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது. பென்சிலில், கோணல்மாணலாக:

‘சார் திங்கள் முதல் தினமும் வந்தார். காலைத் தூக்கினார். நான் துடைத்தேன்.’

எழுதியவள் வாளியோடு பக்கத்திலேயே நின்றாள்.

“உங்களுக்கு ஆப்சென்ட் போட்டவனாச்சேம்மா நான்?”

“அதுக்காக, வந்த மனுஷனை வரலைன்னு எப்படி சார் சொல்றது?”

அவர் அனுமதி முத்திரையைக் கையில் எடுத்தார். விதி ஏழு ஞாபகம் வந்தது. பதிவேட்டைப் புரட்டினார். அந்த வாரம் ஐந்து நாளும் அவள் பெயருக்கு நேராகச் சிவப்பு. அவருடைய கையெழுத்துதான், முத்து முத்தாக. மெஷின் கணக்கில் சாட்சி வரவே இல்லை.

ஐந்தையும் அடித்துத் திருத்தினார். அது தனக்காக. பிறகு பக்கத்தைப் பின்னால் திருப்பி, பழைய மாதங்களின் சிவப்பையும் ஒவ்வொன்றாக அடித்தார். அப்போதுதான் அவற்றைப் போட்ட கை கூசியது.

“அப்போ நான் வந்திருக்கேனா சார்?”

“வந்திருக்கீங்கம்மா. நீங்க வந்ததாலதான் நானே வந்திருக்கேன்.”

“சரி சார், காலைத் தூக்குங்க.”