திருக்கையின் சம்மதம்

இப்போதெல்லாம் கொம்புத் திருக்கை மீன் சரி என்று சொன்னால்தான் யாரும் அதன் பக்கத்தில் நீந்தலாம். இந்தக் கடலடி மலையில் வாழும் திருக்கையோ மூன்று வாரமாக வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியது. இன்றும் மறுத்தால் வழிகாட்டி சேவியருக்கு வேலை போய்விடும்.

"நீங்க ரொம்ப அழகு," என்றார் ஒரு பயணி, முகமூடி மைக்கில்.

"வேண்டாம்," என்றது திருக்கையின் பேச்சைச் சொல்லும் மொழிபெயர்ப்புப் பெட்டி.

"ஒரே ஒரு செல்ஃபி!" என்றார் இன்னொருவர்.

"வேண்டாம்."

கடைசியாகப் பள்ளிக்கூடச் சமையல்காரி மங்கையர்க்கரசியின் முறை.

"ஏம்மா, சாப்பிட்டியா?"

திருக்கை அவள் பக்கம் திரும்பியது.

"இல்லக்கா. மூணு வாரமா எல்லாரும் நான் சாப்பிடுற இடத்துலயே வந்து நிக்கிறாங்க. சாப்பாட்டு இலை மேல நிக்கிற மாதிரி."

"அட சேவியரு, தள்ளி நில்லுப்பா!"

எல்லோரும் இருபது அடி விலகினார்கள். திருக்கை வாயை அகலத் திறந்து, கரணம் அடித்து அடித்து வயிறார உண்டது. பிறகு அதுவே நீந்தி வந்தது.

"இப்ப வாங்க எல்லாரும். நீ சாப்பிட்டியா தம்பி?" என்றது சேவியரிடம்.

வேலைக் கவலையில் அவன் காலை இட்லியைத் தொடவே இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

ஆண்டவர் எந்த வாயால் விசாரிப்பார் என்று யாருக்குத் தெரியும்? இது மூன்றடி அகல வாய்.