தூறல் சார்

"தூறல் சார், இன்னைக்குக் குடையா, படகா?"

எதிர்க்கடை டெய்லர்தான். மெஷின் நின்றாலும் அவர் வாய் நிற்காது.

வானிலை அலுவலகத்தில் கணித்து, அதை வானொலியில் தானே வாசிக்கிறவருக்கு அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியதும் அவர்தான். போன வாரம் 'லேசான தூறல்' என்று இவர் வாசித்த அன்றுதான் கோடை மழை கொட்டித் தீர்த்தது. தெருவே முழங்கால் தண்ணீரில் நின்றது. யானைக்கும் அடி சறுக்கும் என்று மனைவி தேற்றினாள். தெரு தேற்றுமா?

நேற்று மறுபடி வாசித்தார். நம் வட்டாரத்தில் இனி வரும் நாட்களில் வானம் தெளிந்திருக்கும், வெயில் கடுமையாக இருக்கும், மழைக்கு வாய்ப்பில்லை. விடிந்ததும் தெருவில் ஆளுக்கொரு குடையோடு கிளம்பினார்கள், அதுவும் இவர் கண்ணில் படும்படியாக.

மனைவி மட்டும், மழை நாட்களில் சேர்ந்து ஈர வாடை அடித்த துணி அத்தனையையும், போர்வை வரைக்கும் துவைத்து, மொட்டை மாடியில் காயப்போட்டாள்.

"சார் பேச்சை நம்பியா காயப்போடறீங்க அக்கா? வானமே இன்னொரு தடவை அலசிக் கொடுத்துடும்" என்றார் டெய்லர்.

"எங்க வீட்டுக்காரர் வராதுன்னா வராது."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருந்துக்கடை வேலைக்கு அவள் குடையில்லாமல் நடந்தாள். டெய்லர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த மனுஷனுக்கு ஈவிரக்கமே கிடையாது என்று இவர் மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது ஜன்னலில் சடசடவென்று சத்தம். எங்கிருந்தோ வந்த ஒற்றை மேகம், இவர் தெரு இருக்கும் பக்கமாகப் பார்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மாலை அறிக்கையை முடிக்காமல் நகர முடியாது. டப்பாவை மூடி வைத்தார். ஊர் சிரித்தது போகட்டும். நனைந்த போர்வையைப் பிழிந்தபடி, ஒன்றுமே சொல்லாமல் அவள் நிற்பாளே, அதை எப்படிப் பார்ப்பது?

மேகம் போனதும் வெயில் சுள்ளென்று அடித்தது. சாயங்காலம் இவர் வீடு திரும்புவதற்குள் தெரு காய்ந்துவிட்டது.

மனைவி மாடியிலிருந்து கை நிறையத் துணியோடு இறங்கி வந்தாள். எல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தன. முகம் நிறைய சிரிப்பு.

"பார்த்தீங்களா? ஆத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு பொட்டு இல்ல, இங்கயும் இல்ல. நீங்க சொன்னா சொன்னதுதான்."

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. மிச்சத்தை எடுக்க மாடி ஏறினார்.

அவள் எப்போதும் சட்டைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுத்தான் கிளிப் போடுவாள். இன்று அவை நேராகத் தொங்கின. பொத்தான்கள் போட்டு, காலர் மடித்து, தோள் தையல் கோணாமல், கடையில் மாட்டி வைப்பது போல.

கீழே எட்டிப் பார்த்தார். எதிர்க்கடை ஓரத்தில், மழையில் அறுந்து கிடந்த கொடிக்குப் பக்கத்தில், டெய்லர் தன் வேட்டி சட்டைகளைச் சேறு போக மறுபடி அலசிக்கொண்டிருந்தார்.

இறங்கிப் போனார்.

"எங்க துணியை எடுத்து வச்சு, மறுபடி காயப்போட்டது நீங்கதானே? உங்க துணியை விட்டுட்டீங்களே."

டெய்லர் நிமிரவில்லை.

"மெதுவாப் பேசுங்க சார், அக்கா காதுல விழப்போகுது. இந்தத் தெருவுல உங்க பேச்சை நம்பித் துணி காயப்போட்டது ரெண்டே பேர். அதுல ஒருத்தர் துணி நனைஞ்சா போதாதா?"