ஹெல்மெட்டுக்குள் மூன்றாவது ஆள்

"மூணாவதா ஒரு ஆள் சேர்ந்துக்கிட்டா, நாங்க பேசறதெல்லாம் அவருக்கும் கேக்குமா?"

ஹெல்மெட் கடையில் அவள் விற்பனையாளரிடம் தணிந்த குரலில்தான் கேட்டாள். ஆனால் அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாலு மாடிக்கு மேலே ஒரு சக்கரம் முனகினாலும் கீழே நின்றே கண்டுபிடிக்கிற காது. கண்ணாடி முன் நின்று ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கேள்வி பளிச்சென்று விழுந்தது.

அவர்கள் வாங்க வந்தது ஹெல்மெட்டில் பொருத்துகிற ப்ளூடூத் இன்டர்காம். தினமும் அவளை அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இறக்கிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போவான். பைக்கில் போகிற அந்த நாற்பது நிமிடமும் பின்னாலிருந்து அவள் கத்துவாள், முன்னாலிருந்து அவன் "என்ன?" என்பான். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"இது போதும்," என்று சாதாரண ஜோடி ஒன்றை எடுத்தான். "மழை தாங்கும், காத்து இரைச்சல் வராது. ரெண்டு பேர் பேசிக்கலாம்."

"அது வேண்டாங்க. இந்த செட்ல போன்ல இருக்கறவங்களையும் சேத்துக்கலாமாம்."

"நமக்கு நடுவுல வேற யாரு?"

"இருக்கட்டுமேங்க, ஒரு வசதிதானே," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமலே.

அவனுக்குச் சுருக்கென்றது. சந்தேகம் என்று ஒன்று புகுந்துவிட்டால் லேசில் விடுகிற ஆளில்லை அவன். தம்பி கண்ணுக்கு வெண்ணெய், தன் கண்ணுக்குச் சுண்ணாம்பு வைக்கிறாள் என்று பெற்ற தாயிடமே பேச்சை முறித்து மூன்று வருடமாகிறது. கட்டியவளை மட்டும் சும்மா விட்டுவிடுவானா?

கடைசியில் அவள் சொன்ன செட்டையே வாங்கினார்கள். முதல் நாளே பிடித்துவிட்டான். வண்டி தெருமுனை திரும்பியதும் ஹெல்மெட்டுக்குள் 'பீப் பீப்' என்று இரண்டு சத்தம். உடனே அவள் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏங்க, இருமல் எப்படி இருக்கு?"

ராத்திரி மருந்து கொடுத்ததே அவள்தான்.

"காலையில வயிறாரச் சாப்பிட்டீங்களா?"

பரிமாறியதும் அவள்தான்.

"இன்னிக்கு எத்தனையாவது மாடியில வேலை? பெல்ட் மாட்டிக்கிட்டுத்தானே ஏறுவீங்க? எத்தனை மணிக்கு முடியும்?"

தினமும் இதே இரண்டு பீப், இதே விசாரணை. தெரிந்ததையே எதற்குக் கேட்கிறாள்? எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று யாருக்கு ஒலிபரப்பு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கு ஹெல்மெட்டுக்குள்ளேயே பேய் உட்கார்ந்திருந்தது.

ஒரு மத்தியானம் தனியாகக் கடைக்குப் போனான்.

"ரெண்டு பீப் வந்தா என்னங்க அர்த்தம்?"

"மூணாவது ஆள் லைன்ல சேர்ந்துட்டார்னு அர்த்தம் சார்," என்றார் விற்பனையாளர். "நீங்க பேசறது அத்தனையும் அவருக்குக் கேக்கும்."

"அவர் பேசினா எனக்குக் கேக்குமா?"

"தாராளமா கேக்கும். அவர் வாயைத் திறந்தாத்தானே!"

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனை எடுத்துப் பார்த்தான். தினமும் எட்டே காலுக்கு ஒரே எண். தினமும் நாற்பது நிமிடம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளி. அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்க விரல் துடித்தது. வேண்டாம், உஷாராகிவிடுவார்கள், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று போனை இருந்த இடத்திலேயே வைத்தான். ஒன்பது வருடக் குடித்தனம் ஒரு புள்ளியில் வந்து நிற்கிறதே என்று நெஞ்சு எரிந்தது.

எட்டே கால். வண்டி கிளம்பியது. பீப் பீப்.

"ஏங்க, இருமல் பரவாயில்லையா?"

"யாருக்காகக் கேக்கறே?"

பின்னால் அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லு. யாரு லைன்ல?"

"இறங்கினதும் சொல்றேங்க. ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

"அந்தப் புள்ளி யாருன்னு இப்பவே தெரியணும்!" மேம்பாலம் ஏறும்போது ஆத்திரத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். வண்டி சீறியது. ஒரு லாரியை மயிரிழையில் தாண்டினான். அவள் பயந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, வேண்டாங்க!" என்று அழுதாள்.

"நீ பேசாதே. ஒளிஞ்சு கேக்கறானே, அவன் பேசட்டும்!" அவன் கத்திய கத்தலில் இருமல் வந்துவிட்டது. லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே வேகத்தை இன்னும் கூட்டினான். "டேய்! தினமும் ஓசியில ஒட்டுக் கேக்கறியே, ஆம்பிளையா இருந்தா வாயைத் திறடா!"

ஹெல்மெட்டுக்குள் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. பிறகு, மூன்று வருடமாகக் கேட்காத ஒரு குரல், நடுங்கிக்கொண்டே அதட்டியது.

"மெதுவாப் போடா! பின்னாடி என் மருமக உக்காந்திருக்கா."