அடுப்படியில் பேட்டரி

பனிக்காலத்தில் அப்பா தினமும் வாடகைக் காரின் பேட்டரியைக் கழற்றி வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் தன் பழைய ஸ்வெட்டர் மேல் வைப்பார். குளிரில் அது செத்துவிடுமாம். அந்தக் காரை ஓட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

"டிகிரி வாங்கினா போதுமாடி? பேட்டரி தூக்கக் கத்துக்கோ" என்பார். நான் கற்கவில்லை. அவர் செத்து இரண்டு மாதமாகிறது.

நேர்முகத் தேர்வன்று காலை, தெருவெல்லாம் உறைபனி. அப்பாவின் காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். ஒரு முனகல்கூட இல்லை. பேட்டரியை உள்ளே எடுத்து வைக்க மறந்த என்னையே திட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். அதன் இடம் காலி.

"எந்தக் களவாணிப் பயலோ தூக்கிட்டான்மா!"

"ஏன்டி கத்துற? அடுப்புகிட்ட நீதானே வச்சிருக்க."

ஸ்வெட்டர் மேல் பேட்டரி கதகதப்பாக இருந்தது. இடுப்புவலிக்கார அம்மா ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க மாட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மூச்சிரைக்கத் தூக்கிப்போய் மாட்டினேன். முதல் திருகிலேயே கார் கிளம்பியது. வேலையும் கிடைத்தது.

அன்று சாயங்காலம் நானே பேட்டரியைக் கழற்றி ஸ்வெட்டர் மேல் வைத்தேன். "ரொம்ப நன்றிப்பா. இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்" என்றேன்.

மறுநாள் பேட்டரி வைத்த இடத்திலேயே இருந்தது. தூக்கிக்கொண்டு வெளியே போனேன். தெருவில் எல்லாக் கார்களையும் பனி மூடியிருந்தது. எங்கள் கார்க் கண்ணாடி மட்டும் பளிச்சென்று துடைத்திருந்தது.

உயிரோடு இருந்தபோதும் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை, அந்த மனுஷன்.