முதல் எழுத்து

“மூணு விசையைச் சேர்த்து அமுக்க எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?” என்று கணக்குப் பிரிவுக்காரி புலம்பியதற்காகவே, கம்ப்யூட்டர் பிரிவுச் சோடாபுட்டி எல்லார் மிஷினிலும் குறுக்குவிசைகளை மாற்றிவிட்டார்.

“கன்ட்ரோலோட, செய்யற வேலையோட முதல் எழுத்தை அமுக்கும்மா. ந-ன்னா நகல். ப-ன்னா பதிவு. மத்ததும் அப்படித்தான்.”

மத்தியானம் மேனேஜர் அவளை எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு ராஜினாமா மெயிலை மளமளவென்று அடித்து முடித்தாள். அப்போதுதான் வீட்டுக்காரர் போன் செய்தார்.

“ஆலையை மூடிட்டாங்கடி. வாசல்ல பூட்டு தொங்குது. நல்லவேளை, உன் வேலையாவது இருக்கு.”

போனை வைத்தாள். யாரும் பார்ப்பதற்குள் கன்ட்ரோலோடு ‘அ’வை அமுக்கினாள். மெயில் மறைந்தது. போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் வந்த சோடாபுட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். ஒரே அமுக்குல அழிஞ்சிடுச்சு!”

“எதை அமுக்கின?”

“அ-தான். அ-ன்னா அழி.”

மேனேஜர் அறைக்குள் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றினார். “கைதவறி யாரும் எதையும் அழிச்சிடக் கூடாதுன்னு, ‘அழி’க்கு நான் எழுத்தே வைக்கலம்மா. அ-ன்னா அனுப்பு.”